ஜெனரல் தூங்காத வீடு

எங்கள் புவெப்லா நகரத்தில் ஜெனரல் பெர்மூதெஸ் ஒரே இரவில் நாற்பத்தொரு வீடுகளில் தூங்கியிருக்கிறார். நானாகச் சொல்லவில்லை. நாற்பத்தொரு வாசல்களில் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் நீல எழுத்தில் எழுதி, பழைய வீடுகளைக் காக்கிற வாரியத்தார் பதித்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை. இத்தனை வீட்டில் படுத்து எழுந்த மனிதர் சண்டைக்கு எப்போது போனார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் இருக்கிற ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்தான்.

நாற்பத்தொன்றாவது ஓடு தொமிதிலா வீட்டு வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு எர்மெலிந்தாவின் வயிறு அன்றைக்குப் பற்றிக்கொண்டது.

இருவரும் கொமாத்ரேக்கள். எர்மெலிந்தாவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் தொமிதிலா. அப்படி ஏந்திவிட்டால் எங்கள் பக்கத்தில் அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். சாகிறவரை சண்டை போடலாம், விட்டுவிட்டு மட்டும் போக முடியாது. முப்பது வருஷமாக ஒருத்தி குளிர்பெட்டி வாங்கினால் இன்னொருத்தி அதைவிட ஒரு சாண் உயரமானதை வாங்கி, ஒருத்தி வாசலுக்கு மஞ்சள் அடித்தால் இன்னொருத்தி சிவப்பு அடித்து, கணக்குத் தீர்த்து வந்தார்கள். ஜெனரலுக்கு என்ன பதில் சொல்வது? கடையில் விற்கிற சரக்கா அது?

ஓட்டின் சிமெண்ட் காய்வதற்குள் தொமிதிலா தெருவைக் கடந்து வந்தாள். எர்மெலிந்தா தன் வீட்டு முன்னறையில் செமிதா கடை வைத்திருந்தாள். எள் ரொட்டியைப் பிளந்து பொரித்த இறைச்சியை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கொமாத்ரே, எனக்கு ஒரு செமிதா குடு. அவகாடோ கொஞ்சம் தாராளமா வை. வந்தவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்ட வறண்டு போச்சு."

"யாரு வந்தா? தண்ணி மீட்டர் பாக்குறவனா?"

"டூரிஸ்டுடி. ரெண்டு ஜெர்மன்காரங்க. ஜெனரல் எந்த ரூம்ல படுத்தாருன்னு கேக்குறாங்க. தையல் மிஷின் இருக்கிற ரூம்னு சொல்லிட்டேன்."

"உங்க வீட்ல கொசு ஜாஸ்தியாச்சே. மனுஷன் எப்படித்தான் தூங்குனாரோ."

"தூங்குனாருன்னு வாரியமே எழுதிக் குடுத்திருக்கு. உனக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்ல. உன் வாசல் சுத்தமா இருக்கு, ஒரு எழுத்துகூட இல்லாம."

தொமிதிலா போன பிறகு எர்மெலிந்தா மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கண் எரிந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று புருஷனிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஜெனரலைவிட அவசரமான காரியம் ஒன்று இருந்தது. சமையலறைக் கூரையைத் தாங்குகிற பெரிய உத்தரம் நடுவில் வெடித்திருந்தது. அந்தக் கட்டையை நம்பித்தான் பின்பக்கத்து இரண்டு அறைகளும், கடைக்குச் சமைக்கிற அடுப்பும், அவளும் கசிமீரோவும் இருந்தார்கள். கசிமீரோ இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சேர்த்த சொத்து அந்தக் கூரை ஒன்றுதான். சோன் மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, உத்தரத்தை விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு இறங்கினார்.

"உள்ள பூராவும் கரையான் தின்னுட்டான், தோன்யா. திங்கக்கெழம ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துல புதுக் கட்ட போட்டுத் தூக்கி நிறுத்திரலாம். ஜூன் மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். மண்கூரை தண்ணி குடிச்சிருச்சுன்னா இது தாங்காது."

"வாரியத்துல கேள்வி கேப்பாங்களா?" என்றார் கசிமீரோ.

"கேக்க மாட்டாங்க. உங்க வீடு அவங்க பட்டியல்லயே இல்ல. அது உங்க அதிர்ஷ்டம்."

மேஸ்திரி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் எர்மெலிந்தாவுக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. தொமிதிலா பட்டியலில் இருக்கிறாளாம், இவள் இல்லையாம், அது அதிர்ஷ்டமாம்.

திங்கட்கிழமை மேஸ்திரி சுண்ணாம்பு மூட்டையும் ஏணியுமாக வந்தபோது அவள் பூசைக்குப் போகிற கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஆரம்பிங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு," என்றாள்.

வரலாற்று முகப்புகள் பாதுகாப்பு வாரியம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. முன்பு கதீட்ரலுக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில் இருந்தார்கள். பழைய கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது உயிருக்கு ஆபத்து என்று அவர்களே ஓர் அறிக்கை எழுதி, அவர்களே அதை ஏற்றுக்கொண்டு, குளிரூட்டிய இடத்துக்குக் குடிபோய்விட்டார்கள். நான்காவது மாடியில் வரலாற்று உறக்கங்கள் பிரிவு. அதன் தலைவர் லிசென்சியாதோ எவாரிஸ்தோ. லிசென்சியாதோ என்றால் பட்டம் வாங்கியவர். பேச்சில் அதை ஒரு முறை விட்டுவிட்டாலும் நம் கோப்பு இரண்டு மாதம் காணாமல் போகும்.

"உக்காருங்க, சென்யோரா. உங்க வீட்ல யாராவது தூங்கியிருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் தூங்குவாரு, லிசென்சியாதோ. பகல்லயும் தூங்குவாரு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "ஏதாவது போர்ல கலந்துகிட்டாரா?"

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினாரு."

"அது வரலாறு ஆக இன்னும் நாளாகும். வேற யாரு?"

எர்மெலிந்தா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஜெனரல் பெர்மூதெஸ் எங்க வீட்லயும் தூங்கியிருப்பாரு, லிசென்சியாதோ."

லிசென்சியாதோ பெருமூச்சு விட்டார். "அவரோட உறக்கம் எல்லாம் ஒதுக்கி முடிஞ்சிருச்சு. கடைசி ஒண்ண போன வாரம்தான் ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க. நல்லா சிரிச்ச முகம். உங்க தெருதான்."

"தெரியும்," என்றாள் எர்மெலிந்தா. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு மனுஷன் ஒரே ராத்திரியில நாப்பத்தொரு வீட்ல எப்படித் தூங்குனாரு, லிசென்சியாதோ?"

"நல்ல கேள்வி. ஒவ்வொரு வீடா எடுத்து ஆராய்ச்சி பண்றோம். ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா உண்மைதான். எல்லாத்தையும் கூட்டிப் பாக்குறது எங்க வேலை இல்ல, அது வேற பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கல."

அவர் ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டினார். வைஸ்ராயின் குதிரைக்கு லாடம் கழன்ற சம்பவம் ஒன்று பாக்கி இருந்தது, ஆனால் அது தெருவுக்குத்தான் சேருமாம், வீட்டுக்குச் சேராதாம். பிஷப் ஒருவர் தும்மியதற்கு ஏற்கெனவே இரண்டு பேர் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒண்ணு இருக்கு. ஜெனரல் அன்னைக்குக் கொஞ்ச நேரம் தூக்கம் வராம முழிச்சிருந்தாருன்னு ஒரு கடுதாசில வருது. அந்த முழிப்பு இன்னும் யாருக்கும் ஒதுக்கல. வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். எர்மெலிந்தா அப்படிப்பட்டவள் இல்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போலச் சின்ன எழுத்தில் ஒரு விதி. விண்ணப்பம் கொடுத்த நொடியிலிருந்து தீர்ப்பு வரும்வரை, ஓடு கிடைத்தால் அது வாசலில் இருக்கிறவரை, வீட்டில் ஓர் ஆணியையும் அசைக்கக் கூடாது.

"லிசென்சியாதோ, எங்க சமையல்கட்டு உத்தரம் வெடிச்சிருக்கு. நாளைக்கு மாத்துறதா இருந்தோம்."

"உத்தரத்துக்கு எத்தனை வயசு?"

"வீட்டோட வயசுதான்."

"அப்ப அது எங்க உத்தரம்."

"மழைக்கு முன்னாடி மாத்தலன்னா விழுந்துரும்னு மேஸ்திரி சொல்றாரு."

"மேஸ்திரிங்க அப்படித்தான் சொல்வாங்க, சென்யோரா. அவங்களுக்கு வரலாறு தெரியாது."

பேனா அவள் கையில் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு எழுத்துகூட இல்லாத வாசல் என்று தொமிதிலா சொன்னது காதில் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை சோன் மேஸ்திரி தெருப்பக்கச் சுவரில் சாத்திய ஏணியில் மூன்றாவது படியில் இருக்கும்போது வாரியத்திலிருந்து ஆர்க்கிடெக்ட் யுரீதியா வந்தாள். சின்னப் பெண், தலையில் வெள்ளைக் கவசத் தொப்பி. கையில் ஒரு கட்டு ஒட்டுத்தாள்: 'வேலை நிறுத்தப்பட்டது'. சுண்ணாம்பு மூட்டையில் ஒன்று ஒட்டினாள். மண்வெட்டியில் ஒன்று. ஏணியில், மேஸ்திரியின் காலுக்குக் கீழே ஒன்று.

"எறங்கிக்கிறேன், தாயி. ஏணிய மட்டும் எடுத்துக்கிறேன்."

"ஏணிய எடுக்க முடியாதுங்க. அது சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. இப்ப அது கோப்புல சேந்துருச்சு."

"இது என் மச்சான்கிட்ட கேட்டு வாங்கின ஏணி, தாயி."

"மச்சான் பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன். முன்னாள் உரிமையாளர்னு போடணும்."

அன்றிலிருந்து மேஸ்திரி வாரம் ஒரு முறை வந்து தன் ஏணியைப் பார்த்துவிட்டுப் போவார். சிறையில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க வருகிறவர் மாதிரி கையில் ஒரு பை ஆரஞ்சும் கொண்டு வருவார். ஆரஞ்சை எர்மெலிந்தாவிடம் கொடுத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

யுரீதியா இன்னொரு காரியமும் செய்தாள். விரிசல்கள் மேல் குறுக்காக ஜிப்சம் குழைத்துப் பட்டையாகப் பூசி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதினாள். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சி முழுதாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. சாட்சி உடைந்தால் விரிசல் வளர்கிறது. உத்தரத்தில் நான்கு சாட்சிகள், சுவரில் மூன்று.

"ஒடஞ்சா உடனே வந்து சரி பண்ணுவீங்களாம்மா?" என்று கசிமீரோ ஆவலோடு கேட்டார்.

"உடனே வந்து புது சாட்சி வெப்போம்," என்றாள் யுரீதியா.

ஏப்ரல் மாதம் ஓடு வந்தது. எர்மெலிந்தா அதற்குப் புதுத் திரைச்சீலை தைத்து மூடி வைத்து, தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்தாள். நீல எழுத்தில் அழகாகத்தான் எழுதியிருந்தார்கள்: 'இந்த வீட்டில் ஜெனரல் பெர்மூதெஸ் தூங்கவில்லை. மூன்றாம் நிலைச் சின்னம்.'

தெரு ஒரு நிமிஷம் வாசித்தது. தொமிதிலாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்லயும் போப்பாண்டவர் தூங்கல, கொமாத்ரே. அதுக்கும் ஒரு ஓடு வாங்கலாமா?"

"ஜெனரல் உன் வீட்டுக் கொசுவுக்குப் பயந்துதான் எந்திரிச்சு என் வீட்டுக்கு வந்தாரு. முழிச்சிருந்து போருக்குத் திட்டம் போட்டது இங்கதான். தூங்குறதுக்கு யாரு வேணும்னாலும் தூங்குவான்."

"சரி சரி. மூணாம் நிலை கெடச்சதே பெருசு. நான் ரெண்டாம் நிலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

எர்மெலிந்தாவுக்கு அன்றுதான் நிலைகளைப் பற்றித் தெரிந்தது. யுரீதியாவைக் கூப்பிட்டுச் செமிதா கொடுத்து விசாரித்தாள். மூன்றாம் நிலை என்றால் பழையது. இரண்டாம் நிலை என்றால் பழுதானது. முதல் நிலை என்றால் ஆபத்தில் இருப்பது. முதல் நிலைக்கு வெண்கலப் பலகை, ராணுவ வாத்தியம், வாரியத் தலைவரின் பேச்சு. ஊர் முழுவதிலும் முதல் நிலை வாங்கிய வீடு அதுவரை ஒன்றுகூட இல்லை.

"நல்லா பாத்துக்கிற வீட்டுக்கு என்ன நிலை குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"அத பட்டியல்லேர்ந்து எடுத்துருவோம்," என்றாள் யுரீதியா, வாயில் ரொட்டியோடு. "பாதுகாக்குறதுக்கு அதுல என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததை வேறு ஊர்க்காரனிடம் சொன்னால் நம்ப மாட்டான். இரண்டு பெண்களும் தினமும் காலையில் விளக்குமாறோடு வாசலுக்கு வந்து விரிசல் நிலவரம் பேசினார்கள்.

"எனக்கு ராத்திரி ஒரு சாட்சி ஒடஞ்சிருச்சு," என்பாள் எர்மெலிந்தா, கூந்தலை முடிந்தபடி, ஏதோ பேரப்பிள்ளை பிறந்த செய்தி போல.

"ஒண்ணா? பாவம். எனக்கு மாடி சன்னல் பக்கம் விரல் போற அளவுக்கு வெடிச்சிருக்கு. வந்து விட்டுப் பாரு."

"உன் விரலா, என் விரலா? உன் விரலு ஒல்லி."

எங்கள் ஊருக்குப் பக்கத்து எரிமலை சாம்பல் கக்கிய நாள்களில் ஊரெல்லாம் கூரை ஏறிச் சாம்பலைக் கூட்டித் தள்ளும், இல்லாவிட்டால் பாரம் தாங்காது. அந்த வருஷம் இந்த இரண்டு வீட்டில் மட்டும் யாரும் கூட்டவில்லை. கசிமீரோ தன் கட்டிலை சமையலறைக்கு அடுத்த அறையிலிருந்து நடைக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏண்டி கெழவி, உத்தரம் முனகுது, கேக்குதா உனக்கு?"

"கேக்குது. நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி எழுத வைக்கணும்."

"எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்வாங்க. இருக்கிற வளையையும் இடிச்சுக்கிட்டு எங்கடி போறது? விண்ணப்பத்தை வாபஸ் வாங்குறதுக்கு ஒரு பாரம் இருக்காம். மேஸ்திரி வாங்கிட்டு வந்துட்டாரு. பாதிக்கு மேல அவரே எழுதிட்டாரு. ஒரு கையெழுத்துதான். ஓட்டைக் கழட்டிக் குடுத்துட்டா மறுநாளே கூரையில கை வெக்கலாம்."

அவர் அதட்டவில்லை, கெஞ்சினார். பேருந்தை ஓட்டிக்கொண்டே சில்லறையும் கேட்டு வாங்கிப் பழகிய குரல் அது, கெஞ்சத் தெரியாமல் கெஞ்சியது. எர்மெலிந்தாவின் மனசு இளகிவிட்டது. மே மாதம் கடைசி. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் உயிர்ப்பயம் இல்லாமல் இல்லை. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் தலையில் மண் உதிர்வது அவளுக்குத்தானே தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

அப்போது தெருவில் பெரிய சத்தம் கேட்டது. இருவரும் ஓடி வந்து பார்த்தார்கள். தொமிதிலா வீட்டு மாடி முகப்பு, இரும்புக் கம்பியும் பூந்தொட்டியுமாகப் பெயர்ந்து நடைபாதையில் கிடந்தது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. புழுதி அடங்குமுன் தொமிதிலா வாசலில் தோன்றி, மண் படிந்த முகத்தோடு எர்மெலிந்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டாம் நிலை, கொமாத்ரே. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் அவனுங்களுக்கு?"

எர்மெலிந்தா திரும்பி உள்ளே போனாள். பாரத்தை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாள். கசிமீரோ, "அடுத்தவளுக்கு ரெண்டு கண்ணும் போகணும்னா நமக்கு ஒரு கண்ணு போனாலும் பரவாயில்லங்கிற மாதிரி இருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் பத்தாம் தேதி பிற்பகல் மழை வந்தது. எங்கள் ஊர் மழை தூறாது, கவிழ்க்கும். கூரையில் இருந்த மண்ணும் சாம்பலும் தண்ணீர் குடித்தன. கசிமீரோ முடிவெட்டப் போயிருந்தார். எர்மெலிந்தா முன்கடையில் ஒரு தபால்காரருக்குச் செமிதா மடித்துக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் இருந்த சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும் சத்தம் கேட்டது. நான்கு எண்ணினாள். ஐந்தாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. தபால்காரர் அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்.

சமையலறை போனது. பின்னறைகள் இரண்டும் அதன் மேலேயே சாய்ந்தன. கடையின் கூரை கடைசியாக, அவசரமில்லாமல் இறங்கியது. எல்லாம் முடிந்தபோது தெருப்பக்கச் சுவர் மட்டும் கதவோடும் சன்னலோடும் நீல ஓட்டோடும் நின்றது. அதன் பக்கத்தில் சோன் மேஸ்திரியின் ஏணியும் நின்றது, ஒட்டுத்தாள் கலையாமல். எர்மெலிந்தா மழையில் நின்று அழுதாள். முப்பத்து மூன்று வருஷம் சமைத்த அடுப்பு அங்கே மண்ணுக்குள் கிடந்தது. இரண்டு மாதமாக அந்த உத்தரம் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான், அதை நினைத்துத்தான் அதிகம் அழுதாள்.

தொமிதிலா குடையோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று தெருவில் சிலர் பேசினார்கள். அவர்கள் இருவரும் அழுததில் எது எதற்கென்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

யுரீதியா மறுநாளே வந்தாள். இடிபாட்டில் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டினாள். கசிமீரோ மண்ணுக்குள் தன் செருப்பின் ஒற்றை தெரிவதைக் காட்டி, "அத மட்டும் எடுத்துக்கட்டுமாம்மா?" என்றார். விழுந்த நிலையிலேயே இருக்கட்டும், அதுதான் உண்மையான நிலை என்றாள். பதினோரு நாளில் முதல் நிலை ஆணை வந்தது. வாரிய வரலாற்றிலேயே இவ்வளவு சீக்கிரம் எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை.

ஜூலை முதல் ஞாயிறு விழா. தெருவை அடைத்து நாற்காலி போட்டார்கள். ராணுவ வாத்தியக்காரர்கள் வந்தார்கள். முகப்பு விழாமல் முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, புதுச் சிவப்புச் சாயமும் அடித்திருந்தார்கள். ஏணிக்குத் தனி எண் கொடுத்துத் தனிக் கயிறு கட்டியிருந்தார்கள், சோன் மேஸ்திரி அதற்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லிசென்சியாதோ எவாரிஸ்தோ இந்தக் கோப்பினால்தான் வாரியத் தலைவராகப் பதவி உயர்ந்திருந்தார். மேடை ஏறினார்.

"மாண்புமிகு நகரத்தாரே. ஒரு வீட்டின் முதல் எதிரி யார்? எரிமலை அல்ல. பூகம்பம் அல்ல. அதில் குடியிருப்பவர். அவர் சமைக்கிறார், குளிக்கிறார், ஆணி அடிக்கிறார். கூரை ஒழுகினால் பதறிப்போய் ஒட்டுப்போடப் பார்க்கிறார். அந்த ஆபத்து இந்த வீட்டிலிருந்து இன்று முழுமையாக நீங்கிவிட்டது."

கைதட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எங்கள் வாரியம் கைகட்டி நின்றது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த உத்தரத்தை நாங்கள் நான்கு மாதம் இமை கொட்டாமல் கவனித்தோம். அது முதலில் முனகிய நாள், கடைசியாக முனகிய நாள், விழுந்த நிமிஷம், விழுந்த திசை, எல்லாம் எங்கள் கோப்பில் இருக்கிறது. இந்த நகரத்தில் இதற்கு முன் எந்த வீடும் இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டு இடிந்ததில்லை. இனி இந்த வீட்டில் யாரும் தூங்க முடியாது. ஜெனரலின் அந்த இரவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?"

வாத்தியம் முழங்கியது. வெண்கலப் பலகையின் துணியை இழுக்க எர்மெலிந்தாவைக் கூப்பிட்டார்கள். இழுத்தாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தபோது மூன்றாவது வரிசையில் தொமிதிலா உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்ட அவள் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். முகம் புளித்த மாவாக இருந்தது. எர்மெலிந்தாவின் வயிறு ஐஸ் வைத்த மாதிரி குளிர்ந்துபோனது. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் அனுபவித்ததில்லை. வாத்தியம் ஒரு பாட்டு வாசித்து முடிக்கிற நேரம் அது நீடித்தது.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது கசிமீரோ ஒரு பையோடு வந்து நின்றார்.

"நான் அத்லிஸ்கோவுக்கு மக வீட்டுக்குப் போறேன். அங்க ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு."

"என்னய்யா இப்படிப் பேசுற? நான் எங்க போவேன்?"

"உனக்கென்ன, வெண்கலத்துல பேர் போட்ட வீடு இருக்கு."

அவர் பேருந்து நிற்கும் முனையை நோக்கி நடந்தார். காலில் புதுச் செருப்பு, கடிக்கிறது போல, நொண்டி நொண்டிப் போனார். திரும்பிப் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். பேருந்து வந்தது, ஏறிவிட்டார்.

எர்மெலிந்தா பழக்கதோஷத்தில் சாவியை எடுத்துத் தன் கதவைத் திறந்தாள். உள்ளே வானம் இருந்தது. காவலுக்கு நின்ற ஆள், "சென்யோரா, உள்ள போக அனுமதிச் சீட்டு வேணும்," என்று பணிவாகச் சொன்னான். அவள் கதவைச் சாத்தி, பூட்டினாள்.

தொமிதிலா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொமாத்ரே அல்லவா, விட்டுவிட்டுப் போக முடியாது. சமையலறையில் உட்கார வைத்து, சுடச்சுட சோளரொட்டியும் கோழியும் வைத்து மேலே மோலே என்கிற கறுத்த மிளகாய்க் குழம்பை ஊற்றினாள். தையல் மிஷின் இருக்கிற அறையைத் தருகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்றாள். எர்மெலிந்தாவுக்கு நன்றி வந்தது, தொண்டைவரை வந்தது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. எதிரே கூரையில்லாத அவள் வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் சன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. இங்கே ஒரு சொட்டும் விழவில்லை. எர்மெலிந்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தொமிதிலாவின் புருஷன் சாவதற்கு முன் போட்டுவிட்டுப் போன உத்தரம் நேராக, காய்ந்து, கம்பீரமாக ஓடியது. அதன் அடியில் அடுப்பு எரிந்தது, பானை கொதித்தது, துவைத்த துணி கொடியில் காய்ந்தது. வாசலில் ஜெனரலின் ஓடு வந்த அன்றைக்கு எரிந்ததெல்லாம் ஓர் எரிச்சலா? இப்போதுதான் உண்மையாக எரிந்தது.

உத்தரம் சுவரில் இறங்குகிற மூலையில் கரையான் மண் ஒரு விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. தொமிதிலா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் கண் சன்னலுக்கு வெளியே வெண்கலப் பலகையின் மேல் இருந்தது.

"கொமாத்ரே, நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு," என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "நான் மாடி முகப்பையே குடுத்துட்டேன், அவனுங்க ரெண்டாம் நிலைதான் குடுத்தானுங்க. முதல் நிலைக்கு நீ என்னதான் பண்ணின? எனக்கு மட்டும் சொல்லு."

எர்மெலிந்தா மூலையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல, கொமாத்ரே. அப்படியே விட்டேன். நீயும் விடு."

தொமிதிலாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு கரண்டி மோலேயை அள்ளி அவள் தட்டில் ஊற்றினாள்.